கூடச் சிரித்தவன்

மேசையில் பூண்டுச் சோறும் பொரித்த முட்டையும் மூடி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் கிளெனுக்குப் பிடித்த மாதிரி, பால் குறைத்த தேநீர். வைத்தவளைத்தான் காணவில்லை. அவன் குளித்துவிட்டு வருவதற்குள் மனைவி மரிவிக் பின்பக்கம் போய், எப்போதோ காய்ந்துவிட்ட துணிகளை மறுபடி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இப்படி இது ஐந்தாவது நாள்.

கிளென் ஜன்னல் வழியாகப் பார்த்தான். போய்ப் பேசலாமா? நேற்றுப் பேசினான்; "ம்" என்று பதில் வந்தது. அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று ஆலையில் எட்டு மணி நேரமும் யோசித்தான். சர்க்கரை ஆலையில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும், சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிற ஃபிட்டர் அவன். வீட்டில் எது நின்றுபோனது என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அவனுடைய முதல் மனைவி ஷெரில் பதினோரு வருஷம் அவனுக்கு ஒரே பாடம்தான் நடத்தினாள்: "என்னைக் கொஞ்சம் தனியா விடு." அதை அவன் கற்றுத் தேறுவதற்குள் அவள் போயே போய்விட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் இரண்டாவது கல்யாணம். இந்த முறை தப்பு நடக்கக் கூடாது. பெண் பேசாமல் இருந்தால் தனியாக விடுவதுதான் மரியாதை என்று அவன் முடிவு கட்டினான். ஆகவே இரண்டாம் நாள் காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தான். மூன்றாம் நாள் டிவி சத்தத்தைக் குறைத்தான். நான்காம் நாள், அவளுக்கு எதற்கு இடைஞ்சல் என்று மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்த ஷெட்டுக்கே குடிபோனான்.

நல்ல எண்ணம்தான், பாவம். ஆனால் மரிவிக் பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் தீவுக்காரி. அந்த ஊரில் மனசு நொந்த பெண் கத்துவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தம்போ என்பார்கள். நம்முடைய ஊடல்தான், அச்சு அசல். முகத்தைத் திருப்புவது அவள் வேலை. பின்னாலேயே போய் "என்ன கோபம், சொல்லேன்" என்று கெஞ்சுவது அவன் வேலை. கெஞ்ச ஆள் வரும் என்ற நம்பிக்கையில்தான் கோபித்துக்கொள்வதே. கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற புருஷனை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இத்தனைக்கும் கோபத்தின் காரணம் ஒரு நிமிஷச் சங்கதி. போன சனிக்கிழமை கிளப்பில் எல்லாரும் கூடி சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். டிரெவர் என்று ஒருவன் உண்டு. ஊருக்குக் குழாய் வேலை செய்பவன், கிளப்புக்கு வாய்.

"என்ன கிளென், பொண்டாட்டி கேட்லாக்ல பாத்து ஆர்டர் போட்டதா? டெலிவரி உடையாம வந்துதா? பிடிக்கலைன்னா அதே அட்டைப்பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிரலாம்ல?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கிளெனும் சிரித்தான். சரியாகச் சொன்னால் அது சிரிப்பே இல்லை; சங்கடம் வந்தால் அவன் தொண்டையிலிருந்து தானாக வருகிற ஒரு சத்தம். வண்டிக்குத் திரும்புவதற்குள் அவன் அதை மறந்தும் போனான். வதக்கிய வெங்காயத் தட்டோடு பின்னால் நின்றிருந்த மரிவிக்குக்கு மட்டும் அது மறக்கவில்லை.

ஆறாம் நாள் மாலை, கூடத்தில் இருந்த அட்டைப்பெட்டி கிளெனின் கண்ணில் பட்டது. பிலிப்பைன்ஸ்காரி இருக்கிற வீடென்றால் ஒரு பெரிய பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கத்தான் செய்யும். சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட் என்று மாதக்கணக்கில் நிரம்பி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊருக்குக் கப்பலேறும். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் இன்று மேலாக இருந்தது அவளுடைய நீலச் சட்டை. அதன் கீழே அவளுடைய செருப்பு. அதற்கும் கீழே, வந்த புதிதில் அவன் வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு.

போகப் போகிறாள்! அன்றிரவு ஷெட்டில் அந்தப் பெரிய மனிதன் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதான். நிறுத்தலாமா? அவள் முடிவு செய்துவிட்டால் நிறுத்த நான் யார்? ஷெரில் போனபோது வாசலில் மறித்து நின்று அசிங்கப்பட்டது போதும். இந்த முறையாவது கண்ணியமாக வழி விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த அகலமான டேப்பை எடுத்து, பெட்டியை நாலு பக்கமும் ஒட்டினான். ஒட்டி முடிக்கும்போது மரிவிக் வந்து நின்றாள்.

"எப்ப அனுப்பணும்னு சொல்லு. நானே வண்டியில ஏத்தித் தர்றேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஏழு நாளில் முதன்முறையாக அவள் ஒரு முழு வாக்கியம் பேசினாள். "எல்லாத்தையும் ஒட்டிட்டியா?"

"நல்லா இறுக்கமா ஒட்டியிருக்கேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை கூடம் வரை கேட்டது. போக விரும்புகிறவள் ஏன் அழ வேண்டும்? கிளென் டேப்பும் கையுமாக அப்படியே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போக நெனிதா அக்கா வந்தாள். கிளெனின் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆனவள். அங்கிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள் எல்லாருக்கும் அவள்தான் அக்கா. பெட்டியையும் பார்த்தாள், ஷெட்டில் இருந்த கட்டிலையும் பார்த்தாள்.

"என்னப்பா இது கூத்து?"

"அவ போறா, நெனிதா. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டா."

"அட மக்கு! அது தங்கச்சிக்கு அனுப்பற பழைய துணி. இங்க வந்து உன்னோட ரொட்டியும் வெண்ணையும் தின்னு ரெண்டு சுத்து பெருத்துட்டா. அவளுக்கு அது எப்படிப் பத்தும்? அது சரி, எட்டு நாள்ல ஒரு தடவையாவது என்ன கோபம்னு கேட்டியா?"

"தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"தொந்தரவு பண்ணத்தான்யா புருஷன்! போ உள்ள."

கிளென் படுக்கையறைக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான். "மரிவிக், நான் என்ன பண்ணேன்னு எனக்கு நெஜமாவே தெரியல. அது தெரியாததுக்கும் சேத்து மன்னிச்சுரு. என்ன கோபம்? சொல்லேன்."

"ஒண்ணுமில்ல. போ."

பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டான். கூடத்தில் நெனிதா பலமாக ஒரு தடவை இருமினாள். மறுபடி உட்கார்ந்தான்.

மரிவிக் அவன் பக்கம் திரும்பினாள். "டிரெவர் சொன்னது எனக்குப் பெருசில்ல. அவன் வாய், அவன் பேசறான். நீ எதுக்குச் சிரிச்சே?"

"எப்ப?" என்றான். பிறகுதான் ஞாபகம் வந்தது. "அதுவா? அது... நான் வேணும்னு சிரிக்கல."

"வேணும்னு சிரிச்சியா, வேணாம்னு சிரிச்சியான்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர் ஆலையில மெஷின் மாட்ட வந்தப்ப கிரீஸ் பூட்ஸோட என் லேபுக்குள்ள வந்தே. உன் கையாலயே தரையைத் துடைக்க வெச்சேன். ரெண்டு வருஷம் லீவு லீவுக்கு வந்து அலைஞ்சே. எங்கப்பாகிட்ட முறையா பொண்ணு கேக்க ஒரு பெரியவர் வேணுமேன்னு ஆலை மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து நின்னே. இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்ச நீயே சிரிச்சா அவன் சொன்னது நெசம்னு ஆகுதா இல்லையா? கடைசியில அவன் சொன்ன மாதிரியே பெட்டியையும் ஒட்டிட்டே."

கிளெனுக்கு அப்போதுதான் தன் கை செய்த வேலை உறைத்தது. வெட்கத்தில் காது வரை சிவந்துபோனான். எழுந்து கூடத்துக்குப் போய், ஒட்டியதையெல்லாம் நகத்தால் கிழித்தான். கிழிப்பது லேசாக இல்லை. மரிவிக் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கிளப்புக்குக் கிளம்பியபோது அவளுக்கு இஷ்டமே இல்லை. "நீயும் வா" என்று அவன் மூன்று தடவை கேட்டான். வந்தாள்.

அடுப்பைச் சுற்றி அதே கூட்டம். டிரெவர் கையில் இடுக்கி. "அடடே, இன்னும் திருப்பி அனுப்பலையா கிளென்? கேரண்டி முடிஞ்சிரப் போகுதுப்பா!"

சிரிப்பு கிளம்பியது. எல்லார் கண்ணும் கிளென் பக்கம் திரும்பின. அந்தப் பழைய சத்தம் அவன் தொண்டை வரை வந்தது, விழுங்கினான்.

"எனக்குப் புரியல டிரெவர். இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? கொஞ்சம் விளக்கிச் சொல்லேன்."

"சும்மா தமாஷ்ப்பா."

"தமாஷ்தான். அதுல தமாஷ் எதுன்னு கேக்கறேன். இவ ஒரு சாமானா? அதுவா தமாஷ்?"

"இல்ல, அது வந்து... எல்லாரும் சொல்றதுதானே..." டிரெவர் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். அவன் தன் தட்டைப் பார்த்தான். அந்த எட்டு நாளும் கிளெனின் முகத்தில் இருந்த குழப்பம் இப்போது டிரெவரின் முகத்துக்குக் குடிபோயிருந்தது. அடுப்பில் சாசேஜ் கருகியது. ஒருவரும் திருப்பிப் போடவில்லை.

"இவ சர்க்கரை ஆலையில கெமிஸ்ட்டா இருந்தவ" என்றான் கிளென். "நான் ரெண்டு வருஷம் பின்னால சுத்தி, சம்மதம் வாங்கிக் கட்டிக்கிட்டேன். இவளைப் பத்தித் தெரியணும்னா இவகிட்டயே கேளுங்க, பதில் சொல்லுவா. போன தடவை நீ பேசினப்ப நானும் சிரிச்சேன் டிரெவர், அது என் தப்பு. ஒருத்தியைக் கேவலமாப் பேசறவனுக்குப் பாதி தைரியத்தைக் குடுக்கறது கூடச் சிரிக்கறவன்தான். என் பங்கு உனக்கு இனிமே கிடைக்காது."