சுவரோரத்தில் இல்லாத பச்சை

பதினோரு தக்காளிச் செடிகளும் சுருண்டுவிட்டன. ஒன்றாவது தப்பியிருக்கும் என்று வந்த ஆராய்ச்சி மாணவி, செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மூன்று வருஷமாக ஒரே புரதத்தின் பின்னால் அலைகிறாள். இலைச்சுருட்டை வைரஸின் புரதம் அது. பச்சையாக ஒளிரும் துணுக்கு ஒன்றை அதில் ஒட்டி நல்ல இலைக்குள் செலுத்தினால், செல்லின் சுவரோரம் புள்ளி புள்ளியாகப் போய் உட்காரும். பக்கத்துச் செல்லுக்குப் போகும் வாசல் அங்கேதான். வாசலை அகலத் திறந்து வைரஸை அனுப்பிவைக்கிற கைகாரி! அதை அங்கே அண்டவிடாதபடி மாற்றிய செடிகளை வளர்த்தால் நோய் பரவாது என்று நம்பினாள். அந்தச் செடிகள்தான் இந்தப் பதினொன்றும்.

இந்தத் தடவை வைரஸுக்குள்ளேயே அந்தப் புரதத்தில் பச்சையை ஒட்டி, அந்த வைரஸையே செடிகளுக்குத் தொற்றவைத்திருந்தாள். சுருண்ட இலையில் ஒரு துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சுவரோரம் இருட்டு. நடுவில், உட்கருவுக்குள், பச்சை திகுதிகுவென்று எரிந்தது. ஸ்லைடு மாறிவிட்டதோ? இன்னும் நான்கு இலை வெட்டினாள்; இரண்டு, அதே வைரஸ் ஏற்றிய, எதையும் மாற்றாத சாதாரணச் செடிகளிலிருந்து. நான்கிலும் அதே கதை.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் வந்து நெடுநேரம் பார்த்தார்.

"வைரஸோட வேற ஏதோ புரதம் இதை உள்ளே இழுத்துட்டுப் போகுதும்மா. நீ இதைத் தனியா வெச்சே பார்த்திருக்கே. நோய் வந்த செல்லுல பார்க்கவே இல்லை."

"நீங்களும் சொல்லலையே, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா. சொல்லியிருக்கணும்."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மத்தியானம் அண்ணன் போன் செய்தான். அவனுக்குத் தக்காளித் தோட்டம். இரண்டு பருவமாகச் சுருட்டையோடு மல்லுக்கட்டுகிறான்.

"உன் செடி என்னாச்சு? அடுத்த வாரம் நாத்து விடணும்."

"அது வேலைக்காகாதுண்ணா. நான் நினைச்ச இடத்துல அந்தப் புரதம் இல்லை. மூணு வருஷமும் தப்பாப் பார்த்திருக்கேன்."

போனில் அண்ணன் பெருமூச்சு விட்டான்.

"நான் இருபது வருஷமா தண்ணியே தப்பாத்தான் பாய்ச்சறேன்னு அப்பா தினமும் சொல்றார். செத்தா போயிட்டேன்? விடு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போனை வைத்துவிட்டுச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆவியில் அவித்து எறிவதற்கான பைகளில் திணித்தாள். நன்றாகச் சுருண்ட இலைகளாகப் பார்த்து இருபது மட்டும் எடுத்து, அடுத்த சோதனைக்காக உறையவைத்தாள்.

உள்ளே இழுத்துப்போகும் அந்த இன்னொரு புரதம் அகப்பட எட்டு மாதம் ஆனது. அதற்குள் அண்ணன் தக்காளியை விட்டு, இந்தச் சுருட்டை அண்டாத முட்டைக்கோஸுக்கு மாறியிருந்தான்.