ஏணி வைத்த பள்ளம்

வழியில் ஓர் எலும்புக்கூடு கிடக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளி இன்னொன்று. தரையில் ஒரு கல் மட்டும் நிறம் வேறாக இருக்கிறது, அதன் இடுக்கில் கீழேயிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படித்தான் எச்சரிப்பது? லிஃப்ட் மெக்கானிக் இவ்வளவையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"நான் நேரா நடக்கிறேன் மாமா," என்றான் மச்சான்.

"அந்தக் கல்லு மேலயா?"

"ஆமா."

மெக்கானிக்கின் மனைவி தம்பியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பகடை உருண்டது. கோடாலிக் குள்ளன் தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணி வழியாக ஏறி வந்தான். போன ஞாயிறும் இதே கதை. அதற்கு முந்தின ஞாயிறும் இதே கதைதான்.

கோடாலிக் குள்ளன் நிஜத்தில் கிடையாது, பயப்பட வேண்டாம். அது விளையாட்டு. மெக்கானிக் கட்டம் போட்ட தாளில் ஒரு பாழடைந்த கோட்டையை வரைந்து வைத்துக்கொண்டு, அங்கே என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். மனைவி திருடி, அரக்கன் பல் இடுக்கில் இருக்கும் தங்கத்தைக்கூட விடமாட்டாள். மருந்துக்கடைக்காரம்மா சூனியக்காரி, புதையலில் கிடைக்கும் மந்திரத் தைலத்துக்கும் காலாவதி தேதி கேட்பார். மச்சான்தான் கோடாலிக் குள்ளன்.

மெக்கானிக்கின் பொறிகளுக்கு ஒரு தர்மம் உண்டு. லிஃப்டில் கயிறு அறுந்தாலும் கூண்டு விழாது, பக்கத்துத் தண்டவாளத்தை பிரேக் கவ்விக்கொள்ளும். கூண்டுக்கு அடியில் இருக்கும் குழியில் வேலைக்கு இறங்குகிறவன் ஏறி வர, சுவரில் இரும்பு ஏணி இருந்தே ஆக வேண்டும். இந்தப் புத்தி விளையாட்டிலும் வந்துவிட்டது. முன்கூட்டி அடையாளம் காட்டாமல் அவர் யாரையும் விழவைக்க மாட்டார். விழுந்தாலும் வெளியே வர வழி வைக்காமல் விடமாட்டார். எல்லாப் பள்ளத்திலும் ஏணி. "இது கோட்டையா, முனிசிபாலிட்டி நீச்சல் குளமா?" என்று மனைவி கேலி செய்வாள். செய்யட்டும்.

அப்படிப்பட்டவருக்கு இப்போது மண்டை காய்ந்தது. பள்ளம் இருப்பது மச்சானுக்குத் தெரிகிறது. தெரிந்தே குதிக்கிறான். ஏன்?

முதலில் தன் மேல்தான் சந்தேகப்பட்டார். அடையாளம் பத்தவில்லையோ? அடுத்த வாரம் குள்ளர்களின் பாஷையில், குள்ளனுக்கு மட்டும் புரிகிற மாதிரி, சுவரில் பெரிதாக எழுதியே வைத்தார்: 'இங்கே கால் வைத்தால் விழுவாய்.' மச்சானிடம் அதைச் சொல்லி, "படிச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டும் பார்த்தார்.

"படிச்சேன் மாமா. எழுத்து அழகா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கால் வைத்தான், கல்லுளிமங்கன்.

"வைட்டமின் குறைச்சலா இருக்கும் தம்பி," என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், கட்டினவள் விட்டுப் போனபோது, மச்சான் இவர்கள் வீட்டு உள்ளறைக்கு வந்து படுத்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. திரைச்சீலையைத் திறக்க விடவில்லை. அக்கா ஊட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான். 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்று ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அன்றைக்கு மெக்கானிக்குக்குக் கை கால் ஓடவில்லை. எங்கேயோ கடையில் பார்த்த பகடைகளை வாங்கி வந்து, அவன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "நீ ஒரு குள்ளன். கையில கோடாலி. எதிர்ல ஒரு கதவு. என்ன பண்ற?" என்று கேட்டார். மச்சான், "உடைக்கிறேன்," என்று எழுந்து உட்கார்ந்தான்.

அந்தக் குள்ளன்தான் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே குழியில் குதிக்கிறான். மறுபடியும் அந்த இருட்டுக்குள் போகிறானோ? வாய்விட்டுக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். மனைவியிடம் சொன்னால் அவள் அன்றைக்கே அழ ஆரம்பித்துவிடுவாள். வாரம் பூராவும் மற்றவர்கள் வீட்டு லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு இதையே யோசித்தார். ஒரு இடத்தில் மூன்றாம் மாடிப் பொத்தானை இரண்டாம் மாடிக்கு மாற்றிப் பொருத்திவிட்டு, திட்டும் வாங்கினார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் மச்சான் வேலை செய்யும் டயர் கடைக்கே போய்விட்டார். வண்டியின் பின்சக்கரத்தில் காற்று குறைவு என்று ஒரு சாக்கு. அங்கே மச்சான் ஒரு சக்கரத்தை மெஷினில் சுழலவிட்டு, எடை சமமாக விளிம்பில் ஈயத் துண்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். விசிலடித்தபடி. முகத்தை மழமழவென்று சவரம் செய்திருந்தான். டயர் கடையில் வேலை பார்க்கிறவன் நகத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லை. ரப்பர் நாற்றத்தையும் தாண்டி ஒரு சென்ட் வாசனை வேறு.

மெக்கானிக் இன்னும் குழம்பிப்போனார். சந்தோஷமாக இருக்கிறவன் எதற்குக் குதிக்கிறான்? அப்புறம் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னாலும், படுக்கையில் விழுவதற்கு முந்தின கொஞ்ச நாள், எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். 

"மாப்ள, ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு. ஏன் குதிக்கிற?"

மச்சான் மெஷினை நிறுத்தினான். சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

"குள்ளனைக் கொன்னுடுங்க மாமா."

மெக்கானிக் அடுக்கி வைத்திருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மச்சான் பதறிப்போனான்.

"ஐயோ மாமா, அப்படியெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு."

"என்ன வேலை?"

மச்சானுக்குக் காது சிவந்தது. "ஒருத்தங்க. பல் ஆஸ்பத்திரியில நர்ஸு. அவங்களுக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு. எங்கயாவது நடக்கப் போலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானும் தட்டிக்கழிச்சுக்கிட்டே இருக்கேன்."

"அட படுபாவி. இதைச் சொல்றதுக்கு என்னடா?"

"எப்படி மாமா சொல்றது? எனக்காகத்தானே ஆரம்பிச்சீங்க. வாரம் பூரா உக்காந்து வரையறீங்க. நான் வரலன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. குள்ளன் செத்துட்டா நான் நைசா கழண்டுக்கலாம்னு பார்த்தேன். அதுக்கும் வழியில்ல. உங்க பள்ளத்துல எவன் மாமா சாக முடியும்? எங்க விழுந்தாலும் ஒரு ஏணி."

"நீ விழுந்தா ஏறி வரணும்னுதானேடா வெச்சேன்," என்றார் மெக்கானிக். கோபமாகச் சொல்ல நினைத்ததுதான். ஆனால் கெஞ்சலாகத்தான் வந்தது.

மச்சான் கையைத் துணியில் துடைத்துவிட்டு, காற்றுக் குழாயை இழுத்து வந்து, குறையவே குறையாத பின்சக்கரத்தில் காற்றுப் பார்த்தான்.

ஞாயிறு வந்தது. மெக்கானிக் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பள்ளம். எலும்புக்கூடு இல்ல. காத்து இல்ல. எழுத்து இல்ல. ஏணியும் இல்ல."

"இது என்ன அநியாயம்?" என்றாள் மனைவி. "நல்லா இருந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?"

"குதிக்கிறேன்," என்றான் மச்சான்.

பகடை மேசை விளிம்பு வரை ஓடி நின்றது. ஒன்று. அதைவிடக் கீழே எண்ணே கிடையாது. விழுந்தவன் செத்தான் என்று அர்த்தம். எல்லோரும் மெக்கானிக்கின் வாயைப் பார்த்தார்கள். 'குள்ளன் செத்துட்டான்.' சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை, அதை வீட்டுக் கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்திருந்தார். வாயைத் திறந்தார். வரவில்லை.

"கீழ," என்றார். "கீழ ஒரு கதவு இருக்கு. இடுக்குல வெயில் தெரியுது. வெளிய யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. என்ன பண்ற?"

மச்சான் அவரையே பார்த்தான். "உடைக்க வேண்டாம் மாமா. திறந்துக்கிட்டுப் போறேன். கோடாலி இங்கயே இருக்கட்டும்."

பகடையை எடுத்து மாமாவின் கையில் வைத்து, அந்தக் கையை ஒருதரம் அழுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"ஏங்க, எங்க போறான் இவன்? ஒண்ணு விழுந்தா செத்தான்னுதானே கணக்கு? கதவு எப்படி வந்துச்சு? காட்டுங்க அந்தத் தாளை," என்றாள் மனைவி.

மெக்கானிக் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார். அதில் வெறும் பள்ளம்தான் இருந்தது. பென்சிலை எடுத்து, அதன் அடியில் ஒரு கதவு வரைந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, எதற்கும் இருக்கட்டும் என்று, பக்கத்துச் சுவரில் ஓர் ஏணியையும் வரைந்து வைத்தார்.