வீட்டில் இருக்கும் ஆள்

பொருளாதாரம் என்றொரு சாத்திரம் உள்ளவரை சாந்தோம் கடற்கரையில் ஒருவரும் பசியால் சாக வேண்டியதில்லை. இதை உலகத்துக்கு அறிவித்தவன் வில்லியம், பி.ஏ. பொருளாதாரம், முதலாம் ஆண்டு. அறிவித்த இடம் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கஞ்சிக் கொட்டகை. யுத்த காலம். அரிசி ரேஷனில் வந்தது, வராமலும் இருந்தது.

கொட்டகையை நடத்தியவர் ஃப்ளோரன்ஸ் டீச்சர். கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் கொடுக்கும் பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சிக் குப்பத்து ஜனங்களுக்கு ஊற்றுவார். "வூட்ல ஒரு ஆளு கீது" என்று யார் இரண்டாவது குவளையை நீட்டினாலும் அதிலும் ஊற்றிவிடுவார். எந்த ஆள், என்ன உடம்புக்கு என்று கேட்கும் வழக்கமில்லை. பானையின் அடி தெரியும்போது வரிசையின் வால் பட்டினியாக நிற்கும்.

"நீங்க ஊத்தறது கஞ்சியில்ல டீச்சர், ஆவிகளுக்குப் படையல்," என்றான் வில்லியம். "கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க இந்தக் குப்பத்துல என்னமா சாப்பிடறாங்க!"

"சிரிக்காதே வில்லி. வழியிருந்தா சொல்லு."

வழியிருந்தது. சும்மா கிடைப்பதை எல்லாரும் கேட்பார்கள். கொஞ்சம் சிரமம் வைத்தால் மெய்யாகப் பசித்தவன் மட்டுமே நிற்பான். ஆகவே ஆளுக்கு ஒரு குவளை. ஆள் நேரில் வரவேண்டும். டீச்சர் அகப்பையை அவன் கையிலேயே கொடுத்தார்.

மறுநாளே கஞ்சி வரிசையின் வால் வரைக்கும் எட்டியது. பிறகு மிச்சமும் விழுந்தது. "பசியில் பாதி புரளி" என்று கல்லூரி வராந்தாவில் வில்லியம் பிரசங்கம் செய்தான், கைதட்டினார்கள். டீச்சராலும் மறுக்க முடியவில்லை.

மீன் விற்கும் தேசம்மா மட்டும் விடாமல் இரண்டு குவளையோடு வந்தாள்.

"வூட்ல ஆளு கீது நைனா."

"அப்ப கூட்டிக்கிட்டு வாம்மா."

"எய்ந்து நிக்க முடிஞ்சா அது கட்டுமரம் ஏறிப் போயிருக்குமே. உன் மூஞ்சப் பாக்கவா இங்க வரும்?"

வரிசை சிரித்தது. வில்லியமும் சிரித்துவிட்டு ஒரு குவளையில் ஊற்றினான். அவள் அதில் பாதியை மற்றதில் சரித்து, இரண்டையும் முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். ஏமாற்றுவதற்கு இவ்வளவு நடிப்பா என்று அவன் வியந்தான்.

பிறகு இரண்டு மூன்று நாளாய் அவள் வரவில்லை.

"பார்த்தீங்களா டீச்சர்? வடிகட்டி வேலை செய்யுது."

அன்று பிற்பகல் டீச்சர் குப்பத்துக்குப் போய்த் திரும்பினார். குடையை மடக்கி மூலையில் சாத்தினார்.

"தேசம்மா புருஷன், கங்காதரன். முந்தாநாள் சாவு எடுத்துட்டாங்களாம். காலு ரெண்டும் வீங்கிப் படுத்த படுக்கையாவே கிடந்திருக்கான்." பானையை எட்டிப் பார்த்தார். "இந்த மிச்சக் கஞ்சிய என்ன பண்றது, வில்லி?"

வில்லியம் பானையை மூடி வைத்தான்.

அடுத்த வாரம் தேசம்மா வந்தாள். பழக்கதோஷம், கையில் இரண்டு குவளை. முறை வந்தபோதுதான் அவளே அதைப் பார்த்தாள். ஒன்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். என்ன நினைத்தாளோ, திரும்ப முன்னால் கொண்டுவந்து நீட்டினாள்.

"வூட்ல ஆளு கீது," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.



வில்லியம் அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி, பருக்கை வரும்படி மொண்டு, இரண்டு குவளையிலும் விளிம்பு வரை ஊற்றினான். எந்த ஆள் என்று கேட்கவில்லை.