ஜோஹரா கட்டிய சிவப்புத் துணி

வாணியம்பாடித் தோல் வியாபாரி ஃபரூக்கின் மனைவி ஜோஹராவுக்கு இருந்தது மரம் வளர்க்கிற ஆசை இல்லை. மரத்தை வளரவிடாமல் வளர்க்கிற ஆசை. தோல் விற்க ஒசாகா போன அண்ணன் தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் போன்சாய் மரங்களின் படப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து கொடுத்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஊட்டியிலிருந்து வரவழைத்த ஜப்பான் மேப்பிள் கன்றுகள் இரண்டும் வாணியம்பாடி வெயிலில் ஒரே வாரத்தில் கருகிப்போயின.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க," என்றார் ஃபரூக். "மூணாவதும் செத்துச்சுன்னா புஸ்தகத்தை அடுப்புல போட்டுடணும், ஆமா."

ஜோஹராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எண்பத்திரண்டு சித்திரை அது. மலைமேல் புதூர்நாட்டு நர்சரி ஒன்றில் யாரோ ஆசைப்பட்டு வாங்கிப்போட்ட பன்னிரண்டு மேப்பிள் கன்றுகள் கேட்பாரற்றுக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஜீப் ஏறினாள்.

அங்கே தண்ணீர் ஊற்றுகிற வடிவு, நெட்டையாகச் செழித்த கன்றைத் தூக்கிக் காட்டினாள். ஜோஹரா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பையிலும் மேல்மண்ணை விரலால் விலக்கி அடித்தண்டைப் பார்த்தாள். ஒரு பக்கமே வேர் ஓடியதைத் தள்ளினாள். அடியும் நுனியும் ஒரே பருமனாக இருந்ததையும் தள்ளினாள். ஒன்பதாவது பையில் கை நின்றது. கோழிக்கால்போல் விரிந்த வேர், அடியிலேயே ஒரு வளைவு, அதற்குச் சற்றுமேல் ஒரு கிளை; புத்தகப் படத்தில் பார்த்த அதே அச்சு.

"அய்யே, அது கோணக் கன்னும்மா! தூக்கிப் போட வச்சிருந்தேன்."

"இதான் எனக்கு வேணும் வடிவு."

இந்த வெயிலில் கீழே இறக்கினால் மூன்றாவது சாவு நிச்சயம். ஆடியில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மற்றதோடு மாறிவிடக் கூடாதே என்று சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்துக் கன்றில் கட்டினாள். "யாரும் தொடக் கூடாது," என்கையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வடிவு அதைப் பார்த்துக்கொண்டாள்.

ஆடியில், அண்ணன் கொண்டுவந்த நீலப் பீங்கான் தொட்டியோடு ஜோஹரா வந்து இறங்கினாள். பதினோரு கன்றுகள் பையிலேயே காய்ந்து கிடந்தன. ஒன்பதாவதைக் காணோம்.

வடிவு சிரித்தபடி கூட்டிப்போனாள். பலாமர நிழலில் மலைக்காரர்கள் கும்பிடும் வேடியப்பன் சாமிக் கல். அதன் பக்கத்தில் தரையில் நட்டிருந்தது கன்று. மஞ்சள், குங்குமம். வளைவை நிமிர்த்தி ஒரு கழியோடு இறுகக் கட்டியிருந்தது. சுற்றிலும் நட்ட குச்சிகளில் பத்துப் பன்னிரண்டு துணிகள்.

"இன்னா பண்ணி வச்சிருக்கே!"

"நீங்க அழுதுகினே துணி கட்டிட்டுப் போனீங்க. வேண்டுதல் கட்டின கன்னைப் பையிலயா வச்சிருப்பாங்க? சாமிகிட்ட வச்சிட்டோம். தண்ணி இல்லாத காலத்துலயும் வூட்டுக்கு ஒரு செம்பு ஊத்தினோம். உங்க வேண்டுதல் இன்னான்னு தெரியாது. பலிக்கணும்னு நானும் ஒண்ணு கட்டினேன்."

ஜோஹராவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடையாளத்துக்குக் கட்டினேன் என்று கத்த வாயைத் திறந்தவளுக்கு, தர்கா ஜன்னலில் அம்மா வேண்டிக் கட்டிய நூல் ஞாபகம் வந்தது. அதை ஒருத்தர் வந்து அவிழ்த்துக்கொண்டு போனால்? கன்றருகே போய்க் குந்தினாள்.

"பலிச்சுதாம்மா?" என்றாள் வடிவு.

மூன்றாவதாவது சாகக் கூடாது என்பதுதான் அவள் கேட்டது. கன்று நெட்டுக்குத்தலாக, தளதளவென்று நின்றது.

"பலிச்சிடுச்சு," என்றாள் ஜோஹரா.

"அப்ப காணிக்கை வைக்கணுமே!"

ஜோஹரா கையிலிருந்த நீலத் தொட்டியைப் பார்த்தாள். அதைக் கல்லடியில் வைத்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பினாள்.