வாசிக்கும் முறை

சரிதா டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதைச் செலவழிக்க ஏழாம் வகுப்பில் பெனிஷா என்று ஒருத்தி வாய்த்திருந்தாள். வைத்திக்குப்பத்துப் பெண். தமிழ்ப் பாடம் பாதி நடக்கும்போது பக்கத்தில் இருப்பவளின் சடையை இழுப்பாள், இல்லையென்றால் மேசையில் தாளம் போடுவாள். "வெளிய போ!" என்பார் டீச்சர். அவளும் மகாராணி மாதிரி எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள்.

தலைமையாசிரியைக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. பெனிஷாவின் அம்மா வேளாங்கண்ணியைக் கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்தா டி.சி.தான்" என்று சொல்லிவிட்டார். மீன் விற்கப் போகவேண்டியவள் பள்ளி வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

மறுநாள் பாடம் வாசிக்க, சரிதா வழக்கம்போல் முதல் பெஞ்சைக் கூப்பிடாமல் கடைசி பெஞ்சில் ஆரம்பித்தார். பெனிஷா இருப்பது அங்கேதான். புத்தகத்தைத் திறப்பதற்குள், முன்னால் இருந்த நெல்சனின் தலையில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள்.

"வெளிய போ" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவளே கதவைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. வாசிக்கும் முறை நெருங்கும்போதுதானே தினமும் ரகளை! தண்டனை தருகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் கேட்டதையே கொடுத்துவந்திருக்கிறோம். சரிதாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"எங்க போற? தரையத் தொடச்சி விடு. அவன்கிட்ட சாரி சொல்லு. அப்புறம் உன் எடத்துல உக்காரு. இன்னிக்கி நீ வாசிக்க வாணாம்."

சாப்பாட்டு நேரத்தில் பெனிஷா தானாகவே வந்து நின்றாள். "எச்.எம். கிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?"

"இல்ல. வாசிக்கறதுல உனக்கு எது கஷ்டம், அதச் சொல்லு."

"பெரிய வார்த்த வந்தா எழுத்தெல்லாம் கொழம்பிடுது மிஸ். சிரிப்பானுங்க."

"இனிமே திடீர்னு கூப்ட மாட்டேன். எந்தப் பத்தின்னு முந்தின நாளே சொல்லிடறேன். ரெண்டு பேரும் படிச்சிப் பாத்துக்கலாம். அன்னிக்கும் முடியலன்னா தலைய ஆட்டு, அடுத்த ஆளக் கூப்டுறேன். ஆனா எவன் தலையிலயும் தண்ணி ஊத்தக் கூடாது."

பெனிஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நெல்சனின் ஈரச் சட்டையைப் பார்த்த தலைமையாசிரியை விசாரிக்க வந்தார். "நான் பாத்துக்கறேன் மேடம்" என்றார் சரிதா. "மறுபடியும் பண்ணா?" "என்னைக் கேளுங்க."

சில வாரம் கழித்து பெனிஷா வாசிக்க எழுந்தாள். இரண்டு வரி நன்றாகப் போயிற்று. 'ஒருவருக்கொருவர்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டாள். நெல்சன் களுக்கென்று சிரித்தான், வகுப்பே சேர்ந்துகொண்டது. அவள் காது சிவந்தது. தலையை ஆட்டிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினார் சரிதா.

பெனிஷா தலையை ஆட்டவில்லை.

"இர்றா, இன்னும் ரெண்டு வரி கெடக்கு. மொத்தமா சிரிச்சிக்கலாம்" என்று நெல்சனிடம் சொல்லிவிட்டு, விட்ட எழுத்தில் விரலை வைத்தாள்.