ஏழுகுடிசையில் குழி வெட்டும் முறை

கிட்ட வாங்க கண்ணுங்களா, வெயிலில் நிற்காமல் இப்படி நிழலுக்கு வந்து உட்காருங்க. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஏழுகுடிசை என்று ஒரு சின்ன ஊர். அங்கே உபதேசியார் ராயப்பன் ஒரு பகல் முழுக்கப் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ராயப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் பங்குச் சாமியார் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும் மாதா கோயிலைப் பூட்டித் திறப்பதும் இவர்தான். அன்று காலை எல்லம்மாள் செத்துப்போனாள். ஞானஸ்நானத்தில் எலிசபெத்து, ஊரில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புருஷனுக்குப் பக்கத்தில் கோயில் கல்லறையில் தன்னை வைக்க வேண்டும் என்பதுதான் அவள் கடைசி ஆசை. ஆனால் மகன் அருணகிரி, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக வீட்டோடு இந்து என்று எழுதிக்கொடுத்து இருபது வருஷம் ஆகிறது.

"கோயிலு வேணாம்னு போனவங்களுக்குக் கல்லறை மட்டும் இன்னாத்துக்கு அண்ணாத்த?" என்றான் கோயில் கமிட்டித் தலைவன் சவரிமுத்து.

"கெழவி இன்னாடா எழுதிக் குடுத்தா? அவளுக்குக் கைநாட்டுகூட வெக்கத் தெரியாது," என்றார் ராயப்பன்.

"இன்னைக்கு இவங்கள விட்டா, நாளைக்கு யாரு கோயிலுக்கு வருவா?"

சாமியார் போனை எடுக்கவில்லை. ராயப்பன் சாவு வீட்டுக்கும் சவரிமுத்து வீட்டுக்கும் நாலு நடை நடந்தார். முட்டி விண் விண்ணென்று தெறித்தது.

"வுடு பெரிப்பா," என்றான் அருணகிரி. "நாலு மணிக்கு வண்டி வருது, செங்கல்பட்டுல எரிச்சிடலாம். எரிக்கறதுன்னா அம்மாவுக்கு பயம். நான் எழுதிக் குடுத்ததுக்கு அம்மா எரியணும்னு கீது."

ராயப்பன் கோயில் படியில் வந்து சாய்ந்தார்.

பஞ்ச காலத்தில் ஏரிக்கு மண் சுமக்க வந்த ஏழு குடும்பங்கள் போட்ட ஊர் இது. மறு வருஷமே வாந்திபேதி. ஓலைக் கோயில் எழும்புவதற்கு முன்பே பதினோரு குழி வெட்டியாயிற்று. பெற்ற பிள்ளைக்கு வெட்ட முடியாமல் ஒருவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழ, அடுத்த குடிசைக்காரன் எடுத்து வெட்டினான். அன்று வந்த முறை: ஏழு வீடும் வரிசையாகக் குழி வெட்டும். முறை வந்த வீட்டிலேயே சாவென்றால் அது அடுத்த வீட்டுக்குப் போகும். ஓலைக் கோயில் கல்கோயில் ஆனது, சாமியார்கள் மாறினார்கள், முறை மாறவில்லை.

விரல் விட்டு எண்ணினார். இந்த முறை அருணகிரி வீட்டுடையது. அப்படியானால் அடுத்தது, தன்னுடையது.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்.

முழங்கால் ஆழம் போவதற்குள் சவரிமுத்து ஓடி வந்தான். "யாரைக் கேட்டு வெட்டறே?"

"அருணகிரி வூட்டு முறை. அவன் வூட்லயே சாவு. அதனால எனக்கு வந்துட்ச்சு."

"எழுதிக் குடுத்ததோட அவன் முறை போச்சே!"

"அப்போ உங்கப்பனுக்கு வெட்னது யாருடா? அடமழையில இடுப்பு சேத்துல நின்னுகினு வெட்னானே, அந்த அருணகிரி அப்பவே எழுதிக் குடுத்தவன்தான். அன்னைக்கு வேணாம்னியா?"

சவரிமுத்து குழிக்குள் கையை நீட்டினான். "மேல ஏறு அண்ணாத்த. முட்டி ஒடஞ்சு உனக்கும் சேத்து ஒண்ணு வெட்ட வெச்சிடாத," என்றான்.

"முறை என் வூட்டுது."

"சரி, வெட்டித் தொலை. நான் மண்ணத் தள்றன்."

நாலு மணிக்கு வந்த வண்டி காலியாகத் திரும்பியது. மண் அப்பிய கையோடு, மூச்சு வாங்க வாங்க ராயப்பன் ஜெபம் சொன்னார். எல்லம்மாள் புருஷன் பக்கத்தில் இறங்கினாள்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும் கண்ணுங்களா. நல்லதுக்கும் கெட்டதுக்கும் உங்கள் வாசலுக்கு அடுத்த வீட்டுக் கை வந்து நிற்கட்டும்.