ஏழாவது ஹெட்போன்

ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் எஞ்சினியரான அவரைப் ‘பாம்புக்காது’ என்றுதான் சொல்வார்கள். அடுத்த அறையில் குண்டூசி விழுந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்பான் அவருடைய மைத்துனன். மைத்துனன், பெரிய வயலின் போலிருக்கும் செல்லோ வாசிப்பவன். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாமாவின் காலை வாருவதையும் ஒரு தொழிலாகவே செய்து வருபவன்.

அன்று ஏழு பேர் வாசிக்க வேண்டும். ஏழு நாற்காலி, ஏழு ஹெட்போன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர் மேஜையில் இருக்கும் பெட்டியிலிருந்து ஏழு பேருக்கும் ஒரே சத்தம்தான் கிளம்பிப் போகும். தாளம் பிசகாமலிருக்க ஒரு டிக் டிக், அதோடு முன்பே பதிவு செய்த பியானோ. ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு சின்னத் திருகு உண்டு. கூட்டுவதும் குறைப்பதும் அவரவர் இஷ்டம். காலையில் பாம்புக்காது ஏழு ஹெட்போனையும் தன் காதில் மாட்டிப் பார்த்து, தனக்குச் சரியென்று பட்ட இடத்தில் ஏழு திருகையும் நிறுத்திவிட்டு வந்தார். இருபத்தாறு வருஷமாக இதே பழக்கம். ஒருமுறை வயலின்காரர் ஒருவர், “சத்தம் கொஞ்சம் அதிகமோ?” என்று இழுத்தார். “என் லெவல்ல குறை கண்டுபிடிக்கிற காது இன்னும் பொறக்கலை” என்று ஒரே போடாகப் போட்டார் இவர். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஏழாவது ஆளுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. இருக்கிற ஆறு பேரை வைத்து ஆரம்பித்தார்கள். நாலாவது தடவை வாசித்து முடித்ததும், மேஜையருகே உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் பேனாவைக் கீழே வைத்தாள். முதல் படம் பண்ணுகிற பெண்.

“அருமையா வந்திருக்கு சார். ஆனா கடைசியில எல்லாரும் அடங்கி வர்ற இடத்துல டிக் டிக்குனு உள்ள விழுதே, கவனிச்சீங்களா?”

அவர் திரும்பப் போட்டுக் கேட்டார். செல்லோ தேய்ந்து அடங்கியது. அதற்குப் பின்னால் துளிச் சத்தமில்லை.

“ஆமாமா, விழுது” என்றார். பொய் அவ்வளவு சரளமாக வந்தது அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் இந்தப் படத்தின் மிக்ஸிங், எல்லாச் சத்தத்தையும் அளவு பார்த்துச் சேர்க்கிற வேலை, முழுவதும் அவர் கையில்தான். காது கேட்காதவனிடம் அதை யார் கொடுப்பார்கள்? “எவனோ ஹெட்போனை அலற விட்டிருக்கான், அது மைக்குல ஏறுது. இருங்க, காதைத் திருகிட்டு வரேன்.”

பியானோவையும் டிக் டிக்கையும் ஓடவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போனார். ஆறு திருகையும் குனிந்து பார்த்தார். ஆறும் அடிமட்டத்தில் இருந்தன. இன்னும் ஒரு நூல் திருப்பினால் அணைந்துவிடும்.

“இவ்வளவு குறைச்சு வெச்சா உங்களுக்கு என்னய்யா கேக்கும்?”

மைத்துனன் காலி நாற்காலியைக் காட்டினான். அங்கே ஏழாவது ஹெட்போன், செல்லோவின் மைக்குக்கு அரை முழம் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் திருகு காலையில் அவர் வைத்த இடத்திலேயே நின்றது.

எடுத்து மாட்டிப் பார்த்தார். அளவாக, இதமாகக் கேட்டது. கழற்றி மைத்துனன் காதருகே நீட்டினார். அவன் முகத்தைச் சுளித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மற்ற ஐந்து பேரும் எதிரிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தனை நாளாடா?”

“ஒரு வருஷம் இருக்கும் மாமா. நீங்க வெச்சுட்டு அந்தப் பக்கம் போனதும் குறைச்சுக்குவோம். உங்ககிட்ட யாரு வாயைக் குடுத்து மாட்டிக்கிறது?” அவன் கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “காலி ஹெட்போன்தான் காரணம்னு சொல்லிடுங்க மாமா. பொய்யில்லையே.”

அப்படியே போய்ச் சொன்னார். அந்தப் பெண்ணும் நம்பிவிட்டாள்.

“நல்ல வேளை சார். அப்ப இதையே வெச்சுக்கலாம். டிக் டிக் விழ ஆரம்பிக்கிற இடத்துலேருந்து மட்டும் புதுசா எடுத்து ஒட்டிடலாம். எந்த இடம்னு நிறுத்திக் காட்டுங்க.”

பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு ஓடவிட்டார். செல்லோ தேய்ந்தது. குத்துமதிப்பாக எங்கேயாவது அமுக்கியிருக்கலாம். வாசிப்பு முடிந்தே போயிற்று. விரல் வைத்தபடியே இருந்தது.

“எனக்குக் கேக்கலைம்மா” என்றார். “முதல்லயும் கேக்கலை. பொய் சொன்னேன்.” அவமானத்தில் காது மடல் சுட்டது. “மிக்ஸிங்குக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. இன்னைக்கு வேலையை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடுத்துடறேன்.”

அவள் பேனாவை எடுத்து மூடினாள். “டாக்டரைப் பாத்துட்டு வாங்க, காத்திருக்கேன்னு சொல்ல ஆசைதான் சார். ஆனா அடுத்த வாரம்...”

“தெரியும்மா.”

உள்ளே பேசும் மைக்கின் பொத்தானை அமுக்கினார். “அந்தக் காலி ஹெட்போனை அணைச்சுட்டு, எல்லாரும் திருகை நடுவுல வைங்க. நான் இங்க சுத்தமா மூடிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன். உங்களுக்குச் சரியா இருக்கிற இடம் வந்ததும் கையைத் தூக்குங்க.”

தானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெட்டியின் திருகை மெல்ல ஏற்றினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை எழுந்தது. அவர் காதில் ஒன்றுமில்லை. இரண்டு கை, நாலு கை. எங்கோ தூரத்தில் பியானோ மட்டும் வந்தது. கடைசியாக மைத்துனன் கையைத் தூக்கினான். அவருக்கு டிக் டிக் வரவே இல்லை.

“போதுமாடா?”

“போதும் மாமா. இப்பத்தான் சரியா இருக்கு.”

அந்த இடத்தில் பெட்டி மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அடுத்து இங்கே வந்து உட்காரப்போகிறவருக்கு உதவும்.